பதின்மூன்று பிக்சல்: வானத்திலிருந்து எடுத்த நம்ம ஊர் படம் யாருக்குச் சொந்தம்?

போன வருஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப சித்தப்பா ஒரு கேள்வி கேட்டார். "ஏம்பா, சாட்டிலைட்டுல எல்லாம் தெரியுதுங்கிறாங்களே, நம்ம கம்மா முப்பது வருஷத்துக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு அதுல பார்க்க முடியுமா?"

விஷயம் இதுதான். எங்கள் ஊர் கண்மாய் ஏறக்குறைய எண்பது ஏக்கர். அதன் தென்கிழக்கு மூலையில், உள்வாய்க்குள், மூன்று ஏக்கர் அளவுக்கு இப்போது வேலி போட்ட நிலமாக இருக்கிறது. கேட்டால், "நாங்க முப்பது வருஷமா இங்கதான் இருக்கோம்" என்கிறார்கள். அந்த முப்பது சும்மா சொன்ன எண் இல்லை. 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தின் 112-ஆவது பிரிவு, அரசு வழக்குப் போட முப்பது வருஷம் கெடு கொடுக்கிறது. ஊரில் யாரோ விவரம் தெரிந்தவர் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

நான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். சட்டம் படித்தவன் இல்லை. சித்தப்பா கேட்டதை ஒரு டவுன்லோட் வேலை என்றுதான் நினைத்தேன். ஒரு ராத்திரி போதும் என்று உட்கார்ந்தது நாலு மாசம் இழுத்தது. படம் எடுப்பதில் தொழில்நுட்பச் சிக்கல் பெரிதாக இல்லை. எந்த வருஷத்துப் படம் இருக்கிறது, எது இல்லை, எது இலவசம், எது காசு, எதை நமக்குத் தரமாட்டார்கள் என்று எல்லாவற்றையும் தீர்மானித்தது சட்டமும் கொள்கையும்தான். அந்த நாலு மாசத்தில் சேர்த்த குறிப்புகளை இங்கே ஒழுங்குபடுத்தி வைக்கிறேன்.

விமானத்தைத் தடுக்கலாம், சாட்டிலைட்டைத் தடுக்க முடியாது

முதல் கேள்வி: ஒரு அந்நிய நாட்டு சாட்டிலைட் நம் ஊரைப் படம் எடுக்க யார் அனுமதி கொடுத்தார்கள்? யாரும் கொடுக்கவில்லை. யாரும் கொடுக்கத் தேவையும் இல்லை.

1944 சிகாகோ உடன்படிக்கை, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கு மேலே உள்ள வான்வெளியில் முழு இறையாண்மை உண்டு என்கிறது. அதன் 36-ஆவது பிரிவு இன்னும் நேராகப் பேசுகிறது. தன் நாட்டுக்கு மேலே பறக்கும் விமானத்தில் கேமரா வைத்துப் படம் எடுப்பதை எந்த நாடும் தடை செய்யலாம், கட்டுப்படுத்தலாம்.

ஆனால் விண்வெளிக்கு விதி தலைகீழ். 1957-ல் ஸ்புட்னிக் உலகத்தைச் சுற்றியபோது, எங்கள் தலைக்கு மேலே எப்படிப் போகலாம் என்று எந்த நாடும் சண்டைக்குப் போகவில்லை. அந்த மௌனமே வழக்கமாகிவிட்டது. 1967 விண்வெளி ஒப்பந்தம், விண்வெளியை எந்த நாடும் சொந்தம் கொண்டாட முடியாது என்று எழுதி வைத்தது. ஆகவே பத்து கிலோமீட்டர் உயரத்தில் பறந்து படம் எடுத்தால் குற்றம். எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டே அதே கண்மாயை எடுத்தால் அது சுதந்திரம்.

1972 ஜூலையில் அமெரிக்கா முதல் லேண்ட்சாட்டை ஏவியது. அதற்குப் பிறகுதான் பல நாடுகளுக்கு உறைத்தது. தன் மண்ணில் என்ன கனிமம் இருக்கிறது, இந்த வருஷம் விளைச்சல் எப்படி என்பது தனக்குத் தெரிவதற்கு முன் இன்னொருவனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? பிரேசில், அர்ஜென்டினா போன்ற நாடுகள், எங்களைப் படம் எடுக்கும் முன் எங்கள் சம்மதம் வேண்டும் என்று ஐ.நா.வில் கேட்டன. அமெரிக்கா, தகவல் எல்லோருக்கும் தடையில்லாமல் போகட்டும் என்றது. வருஷக்கணக்கில் இழுத்த அந்த வாதம் 1986 டிசம்பர் 3-ஆம் தேதி 41/65 என்ற தீர்மானமாக முடிந்தது. மொத்தம் பதினைந்து கோட்பாடுகள்.

முன்சம்மதம் கேட்ட நாடுகளுக்கு அது கிடைக்கவில்லை. பதிலுக்குக் கிடைத்தது 12-ஆவது கோட்பாடு. ஒரு நாட்டைப் பற்றிய மூல டேட்டாவும், அதைச் சீர்செய்த டேட்டாவும் தயாரானவுடன், அந்த நாட்டுக்குப் பாரபட்சமில்லாமல், நியாயமான விலையில் கிடைக்க வேண்டும். இது ஒப்பந்தம் அல்ல, பொதுச்சபைத் தீர்மானம்தான். இருந்தாலும் பிற்பாடு வந்த கொள்கைகளில் "பாரபட்சமில்லாமல்" என்ற சொல் மறுபடி மறுபடி வருகிறது.

இதில் நான் அடிக்கோடிட்டுக்கொண்ட சொல் ஒன்று உண்டு. உரிமை "பார்க்கப்படும் நாட்டுக்கு". பார்க்கப்படும் மனுஷனுக்கு என்றோ, பார்க்கப்படும் ஊருக்கு என்றோ எங்கேயும் இல்லை. சித்தப்பாவின் கண்மாயைப் பற்றிக் கேட்கும் உரிமை டெல்லிக்கு உண்டு, சித்தப்பாவுக்கு இல்லை. அவருக்கு என்ன கிடைக்கும் என்பது டெல்லியும் படம் எடுத்தவரும் வைத்த கொள்கையைப் பொறுத்தது.

எல்லாச் சட்டமும் ஒரே ஒரு எண்ணில் நிற்கிறது

அந்தக் கொள்கைகளைப் படிக்கத் தொடங்கினால் ஒரு எண் திரும்பத் திரும்ப வரும். ரெசல்யூஷன். ஒரு பிக்சல் தரையில் எவ்வளவு இடத்தைக் குறிக்கிறது என்பதுதான் அது. மீட்டர் கணக்கில் சொன்னால் மனசில் பதியாது, நம்ம பத்திரக் கணக்கிலேயே சொல்கிறேன்.

லேண்ட்சாட்டின் 30 மீட்டர் பிக்சல் என்றால் 900 சதுர மீட்டர், அதாவது 22 சென்ட். சென்னைக்காரர்களுக்கு நாலு கிரவுண்ட். நாலு கிரவுண்டுக்குள் வீடு, கிணறு, தென்னை எது இருந்தாலும் எல்லாம் கலந்து ஒரே நிறமாகத் தெரியும். ஐரோப்பாவின் சென்டினல்-2 எடுக்கும் 10 மீட்டர் பிக்சல் இரண்டரை சென்ட். இந்திய ரிசோர்ஸ்சாட்டின் லிஸ்-4 கேமரா 5.8 மீட்டர், ஏறத்தாழ 360 சதுர அடி. வர்த்தக சாட்டிலைட்டுகளின் 30 சென்டிமீட்டர் பிக்சல் ஏறத்தாழ ஒரு சதுர அடி.

எங்கள் மூன்று ஏக்கர் ஆக்கிரமிப்பு லேண்ட்சாட்டில் 13 பிக்சல். சென்டினலில் 120. லிஸ்-4-ல் 360. ஒரு மீட்டர் படத்தில் 12,000. முப்பது சென்டிமீட்டரில் ஒரு லட்சத்துக்கு மேல். சித்தப்பாவின் முழு வழக்கும், பழைய படத்தில் பதின்மூன்று புள்ளி.

இந்த எண்ணை வைத்து நாடுகள் கோடு போடுகின்றன. அமெரிக்காவில் 1992-ல் வந்த தொலையுணர்வுச் சட்டப்படி, தனியார் நிறுவனம் சாட்டிலைட் கேமரா வைக்க அரசிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். அந்த லைசென்ஸில் அரசு நிபந்தனை போடும். 1996-ல் அவர்கள் நாடாளுமன்றம் ஒரு தனி விதி போட்டது. இஸ்ரேல் நிலப்பரப்பை, மற்ற நாட்டு நிறுவனங்கள் விற்பதைவிடத் துல்லியமாக அமெரிக்க நிறுவனங்கள் விற்கக் கூடாது. நடைமுறையில் அது 2 மீட்டர் என்று நின்றது. 2020-ல்தான் 0.4 மீட்டருக்கு இறங்கியது. அதன் கீழ் வந்த பாலஸ்தீனப் பகுதிகளும் அத்தனை வருஷம் கூகுள் எர்த்தில் மங்கலாகவே தெரிந்ததற்கு இதுதான் காரணம். அங்கே நிலத் தகராறு பற்றி ஆராய்ந்தவர்கள் என் மாதிரி எத்தனை பேர் பல்லைக் கடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சட்டமே இல்லாமல் காசாலும் மூடலாம். ஐகானோஸ் என்ற ஒரு மீட்டர் சாட்டிலைட் 1999-ல் மேலே போனது. 2001-ல் ஆப்கானிஸ்தான் போர் தொடங்கியபோது, அந்த நாட்டின் மேலே ஐகானோஸ் எடுக்கும் படங்களின் முழு உரிமையையும் அமெரிக்க அரசின் வரைபட நிறுவனம் விலைக்கு வாங்கிவிட்டது. மாசத்துக்குச் சுமார் 19 லட்சம் டாலர். பத்திரிகைகளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. தடை உத்தரவு போட்டிருந்தால் யாராவது கோர்ட்டுக்குப் போயிருப்பார்கள். செக் எழுதியதை எதிர்த்து எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

நம்ம நாட்டுக் கோடுகள்

இந்தியாவின் நிலைமை விசித்திரமானது. ஒரு காலத்தில் இந்த விஷயத்தில் உலகத்துக்கே முன்னால் நின்றோம். 1995 டிசம்பரில் ஏவிய ஐ.ஆர்.எஸ்-1சி, 5.8 மீட்டரில் படம் எடுத்தது. அன்றைக்கு சிவில் உபயோகத்துக்கு இருந்த சாட்டிலைட்டுகளில் அதுதான் உலகிலேயே துல்லியமானது.

2001-ல் வந்த தொலையுணர்வு டேட்டா கொள்கை அந்த 5.8 மீட்டரிலேயே கோடு போட்டது. அதுவரை உள்ள படம் கேட்பவர்களுக்குப் பாரபட்சமில்லாமல் உண்டு. அதைவிடத் துல்லியமானது என்றால் முக்கியமான இடங்களை நீக்கிவிட்டுத்தான் வெளியே வரும். 2005 மே மாதம் கார்ட்டோசாட்-1 இரண்டரை மீட்டரில் நாட்டை எடுக்கத் தொடங்கியது. அடுத்த மாதமே கூகுள் எர்த் வந்துவிட்டது. உள்ளூர்க்காரனுக்கு வடிகட்டிக் கொடுத்ததை அந்நியக் கம்பெனி யாருக்கும் சும்மா காட்டியது. அந்த அக்டோபரில் ஹைதராபாத்தில் போலீஸ் அதிகாரிகளிடம் பேசிய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம், இப்படிப்பட்ட படங்கள் தீவிரவாதிகள் கையில் போனால் என்ன ஆகும் என்று கவலைப்பட்டார். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் கதவைச் சாத்தும் அதிகாரம் அப்போதே நம் கையை விட்டுப் போயிருந்தது.

2011-ல் கோடு ஒரு மீட்டருக்கு இறங்கியது. அதற்கும் துல்லியமான படம் வேண்டுமென்றால் அரசுத் துறைக்குத் தடையில்லை. தனியாருக்கு ஏதாவது அரசு நிறுவனத்தின் சிபாரிசு வேண்டும். மற்றவர்களுக்கு ஒரு கமிட்டியின் அனுமதி வேண்டும். வெளிநாட்டு சாட்டிலைட் படமும் தேசிய தொலையுணர்வு மையம் வழியாகத்தான் வர வேண்டும்.

காற்று மாறியது 2021-ல். பிப்ரவரியில் வந்த புவிசார் டேட்டா வழிகாட்டுதல்கள், இந்திய நிறுவனங்கள் வரைபடம் தயாரிக்க முன் அனுமதி தேவையில்லை என்றன. 2023-ல் வந்த இந்திய விண்வெளிக் கொள்கை, இஸ்ரோவின் 5 மீட்டரும் அதற்கு மேலும் உள்ள படங்கள் எல்லோருக்கும் இலவசம் என்றது. அதைவிடத் துல்லியமானது அரசுத் துறைக்கு இலவசம், மற்றவர்களுக்கு நியாயமான விலை. துல்லியமான படங்களை வெளியே தருவதற்கான அனுமதி இன்-ஸ்பேஸ் என்ற அமைப்பின் பொறுப்பு.

கவனித்தீர்களா? இத்தனையிலும் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் கொள்கை, வழிகாட்டுதல். கனடா 2005-லும், ஜெர்மனி 2007-லும், ஜப்பான் 2016-லும் இதற்கென்றே சட்டம் போட்டுவிட்டன. கொள்கையில் ஒரு நன்மை உண்டு, சீக்கிரம் மாற்றலாம். கெடுதலும் அதேதான். சட்டம் என்றால் அதன் பிரிவைக் காட்டி உரிமை கேட்கலாம். கொள்கையைக் காட்டிக் கேட்டால் நம் நிலை அவ்வளவு வலுவாக இருக்காது.

விலையும் ஒரு சட்டம்தான்

சரி, கண்மாய்க்கு வருவோம். 1995-க்கு முன்னால் உள்ள படம் வேண்டுமென்றால் லேண்ட்சாட்-5 தான் கதி. 1984-ல் போனது, இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் உழைத்தது. ஆனால் அது போன அதே வருஷம் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு லேண்ட்சாட்டைத் தனியார் வியாபாரத்துக்கு விட்டது. ஒரு படத்தின் விலை நாலாயிரம் டாலரைத் தாண்டியது. விலை மட்டும் பிரச்சினை இல்லை. யார் வாங்குவார்களோ அந்த இடத்தைத்தான் எடுப்பார்கள். வாங்க ஆள் இல்லாத ஊருக்கு மேலே சாட்டிலைட் போகும், கேமரா சும்மா இருக்கும்.

எடுக்காத படத்தை எந்தச் சட்டத்தாலும் பின்னாளில் மீட்க முடியாது. 1992-ல் அந்த வியாபாரத்தை மாற்றச் சட்டம் போட்டார்கள். 1999-ல் லேண்ட்சாட்-7 வந்தபோது விலை 600 டாலருக்கு இறங்கியது. 2008-ல் பழைய கிடங்கு முழுவதும் இலவசம் என்று அறிவித்தார்கள். அதுவரை நல்ல வருஷத்தில் ஒரு நாளைக்கு ஐம்பது படம் போல விற்றது, இலவசமானதும் நாளைக்கு ஆயிரக்கணக்கில் இறங்கியது. ஐரோப்பிய யூனியனும் 2013-ல் தன் கோப்பர்னிகஸ் டேட்டாவை இலவசம் என்று விதி போட்டது. நான் ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டில் உட்கார்ந்து எங்கள் ஊர் கண்மாயைத் தேட முடிந்தது அந்த முடிவுகளால்தான்.

ஆனாலும் ஓட்டை ஓட்டைதான். வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிறைவது நவம்பர், டிசம்பர். அப்போது மேகம். ஜனவரி, பிப்ரவரியில் எடுத்த தெளிவான படம்தான் உதவும். தொண்ணூறுகளில் அப்படி எனக்குக் கிடைத்தவை விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

பதின்மூன்று பிக்சல் சொன்னது

தண்ணீர், அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். செடி அதைப் பளிச்சென்று திருப்பி அனுப்பும். அந்த வித்தியாசத்தை வைத்து நீர்ப்பரப்பைத் தனியாகப் பிரிக்கலாம். அதற்குச் சில வரி நிரல் எழுதினால் போதும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஜனவரிப் படத்தில் அந்தத் தென்கிழக்கு மூலை முழுக்கத் தண்ணீர். 2001 ஜனவரியிலும் தண்ணீர். 2003 மே மாதத்துக்குப் பிறகு லேண்ட்சாட்-7 கருவி பழுதாகி, படமெல்லாம் கறுப்புக் கோடு கோடாக வந்தது. ஒரு கோடு சரியாக எங்கள் மூலையிலேயே விழுந்திருந்தது. 2009 ஜனவரியில் கண்மாய் மற்ற இடத்தில் நிறைந்திருக்க, அந்தப் பதின்மூன்று பிக்சல் மட்டும் பச்சை.

சித்தப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். ஒரே சந்தோஷம். எனக்குத்தான் உறுத்தியது. 2001-ல் தண்ணீர் நின்றது என்றால் அங்கே யாரும் பயிர் செய்யவில்லை என்று ஆகிவிடாது. தண்ணீர் வற்றினதும் உள்வாயில் உழுவது நம் பக்கம் வழக்கம். 2009-ல் பச்சை என்றால் அது நெல்லா, சீமைக்கருவேலமா? 22 சென்ட் பிக்சலில் இரண்டும் ஒன்றுதான்.

அங்கேதான் 2023 கொள்கை கைகொடுத்தது. 5.8 மீட்டர் லிஸ்-4 படங்கள் இலவசப் பக்கம் விழுகின்றன. 2011-ல் போன ரிசோர்ஸ்சாட்-2 எடுத்ததில், 2013-ல் அந்த மூலையில் நேர்கோட்டு விளிம்புகள் தெரிந்தன. கருவேலம் நேர்கோட்டில் வளராது. ஆக, மண்ணை மேடாக்கிக் கட்டினது 2001-க்கும் 2013-க்கும் இடையில். நடுவில் உள்ள வருஷங்களுக்குக் கார்ட்டோசாட் படம் இருந்தால் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

கோர்ட் ஏற்குமா?

இதை எடுத்துக்கொண்டு டவுனில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். அவர் முதலில் கேட்டது படத்தைப் பற்றி அல்ல, "சர்டிபிகேட் இருக்கா?"

மின்னணுச் சாட்சிக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொல்லி, 2020-ல் மறுபடி உறுதி செய்தது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63-ஆவது பிரிவில் அந்தச் சான்றிதழுக்குப் படிவமே இருக்கிறது. முதல் பகுதியில் தாக்கல் செய்பவர் கையெழுத்து, இரண்டாம் பகுதியில் ஒரு நிபுணர் கையெழுத்து. கோப்பின் ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். நல்லவேளையாக, டவுன்லோட் செய்த மூலக் கோப்பை நான் தொடாமல் தனியாக வைத்திருந்தேன். நீர்ப்பரப்பைப் பிரித்தது எல்லாம் நகலில்தான். தொழில் பழக்கம் ஒரு தடவை ஊருக்கு உதவியது.

இதையே கூகுள் எர்த்திலிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால்? அந்தப் படங்கள் பல வர்த்தக நிறுவனங்களுடையவை. பார்க்கத்தான் நமக்கு அனுமதி, மூல டேட்டா நம் கைக்கு வராது. கையில் இல்லாத கோப்புக்கு ஹாஷ் எழுத முடியாது.

வக்கீல் இன்னொன்றும் சொன்னார். "தம்பி, எல்லை எதுன்னு உங்க படம் சொல்லாது. அதை அ-பதிவேடும் புலப்படமும்தான் சொல்லும். உங்க படம் எப்போன்னு சொல்லும். ரெண்டையும் குழப்பிக்காதீங்க." நாலு மாசத்தில் நான் படித்ததையெல்லாம் இரண்டு வரியில் முடித்துவிட்டார். 2007-ல் வந்த தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டப்படி கண்மாயை அளந்து எல்லை குறிக்கக் கேட்டு மனு போட்டோம். படங்கள் இணைப்பாகப் போயிருக்கின்றன. சர்வேக்குத் தேதி இன்னும் வரவில்லை.

உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று இருந்தால் மூன்று விஷயம். ஜனவரி, பிப்ரவரிப் படமாகத் தேடுங்கள். மூலக் கோப்பை மாற்றாமல், இறக்கிய தேதியோடு வையுங்கள். படம் சொல்வதற்கு மேல் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லாதீர்கள், அந்த ஒரு வார்த்தையில்தான் எதிர்த்தரப்பு பிடிக்கும்.

போன வாரம் சித்தப்பா வீட்டுக்குப் போனபோது, பீரோவில் பத்திரங்களோடு அந்தப் பிரிண்டையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார். "அமெரிக்காக்காரன் எடுத்து வச்சதை நம்ம கைக்கு வர வைக்க இவ்வளவு பாடு. இனிமே எடுக்கிறதையாவது எல்லாருக்கும் கிடைக்கிற மாதிரி வைக்கச் சொல்லுப்பா" என்றார். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.